பெட்டி ஒருவருடையது, சரக்கு மற்றவருடையது

மளிகைக் கடையிலோ மண்டியிலோ கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவாக இருக்கும். பெட்டி பழையதாகிவிட்டது, புதிது வாங்கிப் போடுங்கள் என்று விற்க வருபவர் சொல்வார். விலை பேசி முடித்து முன்பணமும் கொடுத்த பிறகுதான், "உங்கள் பழைய கணக்கு இதில் ஓடாதே, புரோகிராமும் புதிதாகப் போட வேண்டுமே" என்ற பேச்சு வெளியே வரும். பெட்டிக்குக் கொடுப்பது ஒரு தடவைச் செலவு. பத்து ஆண்டுப் பற்று வரவு, வாடிக்கையாளர் நிலுவை, சரக்கு விலைப் பட்டியல், அதைத் தட்டித் தட்டிப் பழகிய கணக்குப்பிள்ளையின் கைப்பழக்கம், இத்தனையையும் மாற்ற ஆகும் செலவு எந்த விலைச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. கம்ப்யூட்டர் கடைத்தெருவுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்க வியாபாரிகளுக்கு வந்துவிட்டது. அதற்கு 1980-ல் ஒரு சிறு கம்பெனி கண்ட வழி, ஓர் அட்டை. ஒரு கம்பெனியின் பெட்டிக்குள் அந்த அட்டையைச் செருகினால், போட்டிப் பெட்டிகளுக்கென்று எழுதிய புரோகிராம்கள் அதில் ஓடின. அதில் யார் யார் சம்பாதித்தார்கள், நன்றாக நடந்த வியாபாரம் ஏன் சில ஆண்டுகளில் வற்றியது என்பதெல்லாம் வாங்கி விற்கும் நமக்குச் சுலபமாக விளங்கும் சங்கதிகள். ஆகவே இங்கு எழுதுகிறோம்.

ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் ஏன் ஓடாது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கம்ப்யூட்டருக்குள் பிராசசர் என்று ஒரு சில்லு இருக்கிறது. கணக்குப் போடுவது அதுதான். ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் தனியாக ஓர் உத்தரவு மொழி உண்டு. ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றிடம் கொடுத்தால் அதற்கு ஒன்றும் விளங்காது. மெட்ரிக் அளவு 1958-ல் வரத் தொடங்கும் முன் நம் பெரியவர்கள் பட்ட பாடு அன்பர்களுக்குக் கேள்வியாவது இருக்கும். பட்டணம் படி ஒன்று, உள்ளூர்ப் படி வேறொன்று. ஓர் ஊர்ப் படிக்குப் போட்ட விலை அடுத்த ஊரில் செல்லாது. கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். அங்கே சில்லு ஒன்றாக இருந்தாலும் போதாது. வட்டிலிருந்து எடுப்பது, திரையில் எழுதுவது போன்ற எடுபிடி வேலைகளைக் கவனிக்க ஓர் அடிப்படைப் புரோகிராம் உண்டு, அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அன்று சந்தையில் இரண்டு பெரிய கட்சிகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று ஆப்பிள் கம்பெனியின் ஆப்பிள் 2. ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்து 1977-ல் விற்பனைக்கு வந்தது. 4 கிலோபைட் மெமரியோடு விலை 1,298 டாலர். உள்ளே 6502 என்ற சில்லு. இதில் நம் கதைக்கு முக்கியமானது, மேல் மூடியைக் கையாலேயே தூக்கி எடுக்கலாம் என்பதும், உள்ளே கூடுதல் அட்டைகள் செருக வரிசையாக எட்டு இடங்கள் இருந்தன என்பதும்தான். எட்டு வேண்டாம், குறைத்துவிடலாம் என்று கூட்டாளி ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னதாகவும், தாம் விட்டுக்கொடுக்கவில்லை என்றும் வாஸ்னியாக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடை கட்டும்போது பின்னால் கொஞ்சம் மனையைக் காலியாக விட்டு வைப்பவர் புத்திசாலி என்போமே, அந்த ரகம்.

மற்றது ஒரு தனிக் கம்பெனி அல்ல. கேரி கில்டால் என்பவர் 1974-ல் இன்டெல் 8080 சில்லுக்காக சி.பி./எம். என்ற அடிப்படைப் புரோகிராமை எழுதினார். 8080-க்கு எழுதியதை அப்படியே ஓட்டக்கூடிய இசட்-80 என்ற சில்லை ஜைலாக் கம்பெனி 1976-ல் கொண்டுவந்தது. இந்த இரண்டு சில்லுகளில் ஒன்றை வைத்துப் பல கம்பெனிகள் பல பெயர்களில் பெட்டி செய்தன. பெட்டி எவருடையதானாலும் உள்ளே சி.பி./எம். ஒன்றுதான். ஆகவே வியாபாரத்துக்கு வேண்டிய புரோகிராம்கள் இந்தப் பக்கத்தில் குவிந்தன. கடிதம் எழுத 1978-ல் வந்த வேர்ட்ஸ்டார், பின்னால் வாடிக்கையாளர் பட்டியலும் சரக்கிருப்பும் வைத்துக்கொள்ள வந்த டிபேஸ் 2 எல்லாம் இங்கே பிறந்தவையே. (டிபேஸ் 1 என்று ஒன்று விற்பனைக்கு வந்ததே இல்லை. முதல் சரக்குக்கே 2 என்று எண் போட்டால் தேறிய சரக்கு என்று வாங்குபவர் நினைப்பார் என்ற விற்பனை யோசனைதான்.)

ஆனால் கட்டம் போட்ட தாளில் கணக்குப் போடும் விசிகால்க் 1979-ல் வந்தபோது ஆப்பிள் 2-ல்தான் வந்தது. கொள்முதல் விலையை ஓரிடத்தில் மாற்றினால் அதைத் தொடர்ந்த கூட்டல் கழித்தல் அத்தனையும் தானே மாறிவிடும். அதற்காகவே ஆப்பிள் வாங்கிய வியாபாரிகள் பலர். இப்போது சங்கடத்தைப் பாருங்கள். விசிகால்க்கும் வேண்டும், வேர்ட்ஸ்டாரும் வேண்டும் என்றால் மேஜையில் இரண்டு பெட்டி வாங்கி வைக்க வேண்டும்.

அன்றைய மைக்ரோசாஃப்ட், சியாட்டில் நகருக்கு அருகே பெல்வியூ என்ற ஊரில் நாற்பது பேர் அளவில் வேலை பார்த்த கம்பெனி. பேசிக், ஃபோர்ட்ரான், கோபால் போன்ற கம்ப்யூட்டர் மொழிகளை விற்பதுதான் தொழில். கையிருப்பில் பெரும்பகுதி 8080-க்கு எழுதிய சரக்கு. ஆப்பிளில் ஓடிய பேசிக் இவர்கள் கொடுத்ததுதான் என்றாலும், மற்ற மொழிகளை ஆப்பிள்காரர்களுக்கு விற்க வழியில்லை. எல்லாவற்றையும் 6502-க்காக மாற்றி எழுதினால் ஆள் செலவும் ஆண்டுக் கணக்கில் காலமும் ஆகும். கேட்ஸின் கூட்டாளி பால் ஆலன் இதைத் திருப்பிப் போட்டு யோசித்தார். சரக்கை மாற்றுவானேன்? அந்தச் சரக்குக்கு வேண்டிய சில்லையே ஓர் அட்டையில் வைத்து ஆப்பிளுக்குள் செருகிவிட்டால் என்ன?

சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு கம்பெனியில் இருந்த டிம் பேட்டர்சன் என்ற இளைஞர் மாதிரி அட்டையைச் செய்தார். டான் பர்ட்டிஸ் என்பவர் அதைச் சீர்படுத்தி முடித்தார். 1980-ல் சாஃப்ட்கார்டு என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. இசட்-80 சில்லு வைத்த அட்டை, சி.பி./எம்., மைக்ரோசாஃப்டின் பேசிக், எல்லாம் சேர்த்து 349 டாலர். அன்று டாலர் ஏறக்குறைய 8 ரூபாய். அதாவது 2,800 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பெயரில் முதலில் இசட்-80 என்றும் போட்டிருந்தார்கள். அது எங்கள் பெயர் என்று ஜைலாக் கம்பெனி ஆட்சேபிக்கவே எடுத்துவிட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் நடந்த கம்ப்யூட்டர் கண்காட்சியில் அட்டையைக் காட்டியபோது, மைக்ரோசாஃப்ட்காரர்கள் ஆர்டர் பிடிக்கக்கூடத் தயாராக வரவில்லையாம். வேண்டுமென்று கேட்டவர்களிடம் விசிட்டிங் கார்டை வாங்கி வைக்க, மாலைக்குள் அதுவே ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டது என்பார்கள். மூன்று மாதத்தில் 5,000 அட்டைகள் விற்றன. 1980-ல் அந்தக் கம்பெனிக்கு அதிக வருமானம் தந்த சரக்கு இந்த அட்டைதான்.

அது வேலை செய்த விதம் நமக்குப் புரியாததல்ல. ஒரு கல்லாவில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சேர்ந்து உட்கார முடியாது. ஒருவர் எழுதும்போது மற்றவர் சும்மா இருக்க வேண்டும். வேர்ட்ஸ்டார் ஓடும்போது இசட்-80 உட்கார்ந்திருக்கும், ஆப்பிளின் 6502 ஒதுங்கியிருக்கும். ஆனால் அந்தப் பெட்டியின் விசைப்பலகை, திரை, வட்டு ஓட்டி ஆகியவற்றின் பழக்கமெல்லாம் 6502-க்குத்தான் தெரியும். அந்த வேலை வரும்போது இசட்-80 எழுந்து இடம் கொடுக்கும், வேலை முடிந்ததும் திரும்பி வந்து உட்காரும். இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு தகராறும் இருந்தது. மெமரியைக் குடோன் என்று வைத்துக்கொண்டால், வாசலை ஒட்டிய முதல் சில அடுக்குகள் 6502-க்குச் சொந்த உபயோகத்துக்கு வேண்டும். திரையில் தெரியும் எழுத்துகளை வைக்கும் இடமும் அங்கேதான். சி.பி./எம்.மும் அதே முதல் அடுக்கிலிருந்துதான் தன் சரக்கை இறக்கும். இருவரும் ஒரே அடுக்கைக் கேட்டால் என்ன செய்வது? அட்டைக்குள் ஒரு சிறு சுற்று இதைக் கவனித்துக்கொண்டது. முதல் அடுக்கு என்று இசட்-80 கேட்டால், நான்கு கிலோபைட் தள்ளி உள்ள அடுக்கை முதல் அடுக்கு என்று காட்டிவிடும். இசட்-80-க்கு வித்தியாசம் தெரியாது. நமக்கு இந்த ஏற்பாடுதான் மிகவும் பிடித்திருக்கிறது. இருவரில் எவரையும் மாற்றச் சொல்லாமல், நடுவில் நின்று சமாதானம் செய்து வைத்த தரகு வேலை அது.

இனி வாங்கியவர் பக்கம் வருவோம். 349 டாலரோடு முடிந்ததா? முடியவில்லை. ஆப்பிள் 2-ன் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துதான் தெரியும். வேர்ட்ஸ்டார் போன்றவை 80 எழுத்துக்கு எழுதப்பட்டவை. அதற்குத் தனியாக இன்னொரு அட்டை. மெமரி போதவில்லை என்றால் 16 கிலோபைட் அட்டை ஒன்று. எட்டு இடங்களில் மூன்று இப்படிப் போயிற்று. வட்டு ஓட்டிக்கும் பிரிண்டருக்கும் ஆளுக்கு ஓர் இடம் வேண்டும். பிறகு புரோகிராம்களை வாங்க வேண்டுமே! வேர்ட்ஸ்டார் 495 டாலர், டிபேஸ் 2 695 டாலர். அட்டையை விட அதில் ஓட்டும் சரக்கின் விலைதான் அதிகம். அடுப்பு மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டு மாதாமாதம் விறகுக்கு அழுவதைப் போன்றது இது. இருந்தும் வாங்கினார்கள். காரணம், இரண்டாவதாக ஒரு முழுப் பெட்டி வாங்குவதை விட இது மலிவு. ஏற்கெனவே ஆப்பிளில் போட்டு வைத்த விசிகால்க் கணக்கும் வீணாகவில்லை.

கடைக்காரர் பக்கம் ஒரு தொல்லை வந்தது. அது நமக்கு அப்படியே பொருந்தும். ஆப்பிள் கம்பெனி வட்டில் எழுதும் முறை தனி. ஒரு வட்டில் 140 கிலோபைட் அளவுதான் கொள்ளும். மற்ற சி.பி./எம். பெட்டிகளின் வட்டை ஆப்பிள் படிக்காது, ஆப்பிளின் வட்டை அவை படிக்கா. புரோகிராம் ஒன்றுதான், ஓர் எழுத்துக்கூட மாற வேண்டியதில்லை, ஆனாலும் ஆப்பிளுக்கென்று தனி வட்டில் போட்டு விற்க வேண்டியதாயிற்று. ஒரே துவரம் பருப்பை ஒருவருக்குக் கோணிச் சாக்கிலும் மற்றவருக்கு டின்னிலும் கட்டி வைக்கும் நிலை. எதில் எத்தனை ஓடும் என்று கணித்து வாங்கி வைக்க வேண்டும். கணிப்பு தவறினால் சரக்கு அலமாரியிலேயே தங்கிவிடும்.

ஆயினும் மொத்தத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் லாபம் இருந்தது என்பதே நமது கருத்து. சி.பி./எம். பெட்டிக்குப் போயிருக்கக்கூடிய வாடிக்கையாளர் ஆப்பிளையே வாங்கினார். சி.பி./எம். உடையவருக்கு உரிமைத்தொகை கிடைத்தது. புரோகிராம் எழுதியவர்களுக்கு ஆப்பிள்காரர்கள் என்ற புதிய சந்தை திறந்தது. மைக்ரோசாஃப்டுக்குத் தன் பழைய கையிருப்பை விற்க வழி பிறந்தது. போட்டியாளர் இருவருக்கு நடுவே ஒரு சந்து இருந்தால், அங்கே ஒரு பெட்டிக்கடை நன்றாகவே நடக்கும். ஆனால் சந்து மூடிவிட்டால்?

மூடிய கதை 1980 கோடையிலேயே தொடங்கிவிட்டது. தனியாள் கம்ப்யூட்டர் சந்தையில் இறங்க நினைத்த ஐ.பி.எம். கம்பெனியின் ஆட்கள், மொழிகளும் அடிப்படைப் புரோகிராமும் கேட்டு மைக்ரோசாஃப்டிடம் வந்தார்கள். சாஃப்ட்கார்டோடு சேர்த்து சி.பி./எம். விற்பதைப் பார்த்து, அதுவும் மைக்ரோசாஃப்டின் சொந்தச் சரக்கு என்றே எண்ணி வந்தார்கள் என்று ஒரு பேச்சும் உண்டு. கேட்ஸ் அவர்களைக் கில்டாலின் கம்பெனிக்கு அனுப்பினார். அங்கே பேச்சு முடியவில்லை. மாதிரி அட்டையைச் செய்த அதே பேட்டர்சன், இன்டெல் 8086 சில்லுக்காகச் சொந்தமாக ஓர் அடிப்படைப் புரோகிராம் எழுதி வைத்திருந்தார். அதன் முழு உரிமையை மைக்ரோசாஃப்ட் 1981 ஜூலையில் 50,000 டாலருக்கு வாங்கியது. அதுவே ஐ.பி.எம்.முக்குப் போய் டாஸ் ஆயிற்று. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பெட்டி வந்தது. டாஸை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அட்டை விற்ற கம்பெனி அட்டையை நம்பி நிற்க வேண்டிய அவசியம் அதோடு தீர்ந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் வேர்ட்ஸ்டார், டிபேஸ் எல்லாம் டாஸுக்கு மாறின. புதிய புரோகிராம் எழுதுபவர்களும் அங்கேயே போனார்கள். சாஃப்ட்கார்டு கெட்டுப்போகவில்லை. செருகியவர் பெட்டியில் அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஓட்டப் புதுச் சரக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இதே வேலையை வேறு கம்பெனிப் பெட்டிகளில் செய்தவர்களும் உண்டு. ஒருவரை மட்டும் சொல்லியாக வேண்டும். ஆப்பிளின் மெக்கின்டாஷ் 1984-ல் 2,495 டாலருக்கு வந்தது. மறு ஆண்டு வந்த அட்டாரி எஸ்.டி. கறுப்பு வெள்ளைத் திரையோடு 799 டாலர்தான். இரண்டிலும் 68000 என்ற ஒரே சில்லு! ஆகவே சில்லுக்கு அட்டை தேவையில்லை. தேவைப்பட்டது, மெக்கின்டாஷின் அடிப்படைப் புரோகிராம் பொதிந்த ரோம் எனப்படும் நிலைச் சில்லுகள். அவை ஆப்பிளின் சொத்து, நகல் எடுத்து விற்க முடியாது. டேவிட் ஸ்மால் என்ற அமெரிக்கர் 1986-ல் ஒரு டப்பி செய்தார். அதில் சில்லு செருகும் குழிகள் மட்டும் இருந்தன, சில்லு இல்லை. வாங்குபவர் ஆப்பிளின் சில்லை வேறெங்காவது தேடி வாங்கிக் குழியில் பொருத்திக்கொள்ள வேண்டியது. அடுத்து வந்த மாதிரிகளில் 1989-ன் ஸ்பெக்டர் ஜி.சி.ஆர். மெக்கின்டாஷ் வட்டையே நேரடியாகப் படித்தது. மூன்றில் ஒரு பங்கு விலைப் பெட்டியில் மெக்கின்டாஷ் ஓடியது என்பது உண்மை. ஆனால் பூட்டை மட்டும் விற்றுவிட்டு, சாவியை எதிரி கடையில் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் வியாபாரம் அது. அந்தச் சாவி வரத்து நின்றால் பூட்டு விற்காது. கெட்டிக்காரத்தனத்துக்கு நம் மதிப்பெண் முழுதும் உண்டு. கடன் கொடுக்கச் சொன்னால் யோசிப்போம்.

ஆப்பிள் கம்பெனியே 1994-ல் தன் மெக்கின்டாஷ் ஒன்றுக்குள் இன்டெல் 486 சில்லு அட்டையை வைத்து விற்றது. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ் திரை, மறுபடி அழுத்தினால் மெக்கின்டாஷ் திரை. பதினான்கு ஆண்டுக்கு முன் ஆப்பிளுக்குள் வெளியார் ஒருவர் செருகியதை, இப்போது ஆப்பிளே செருகிக் கொடுத்தது.

இதெல்லாம் கடல் கடந்த கதை, நமக்கென்ன என்று அன்பர்கள் நினைக்கலாம். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் ஊர்த் தெருக்களில் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்கள் முளைத்தபோது, நம் பிள்ளைகள் படித்த பாடம் என்ன? வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். மூன்றில் இரண்டு சி.பி./எம். காலத்தில் பிறந்தவை. நம் கடைகளுக்கு அன்று எழுதிக் கொடுத்த கணக்குப் புரோகிராம்கள் பலவும் டிபேஸ் வழியில் வந்தவையே. அந்தப் பிள்ளைகளின் பெட்டி மாறிற்று, சில்லு மாறிற்று, கற்ற வித்தை மாறவில்லை.

நமது மண்டியில் 1994-ல் கம்ப்யூட்டர் வைத்தபோது புரோகிராம் எழுதிக் கொடுத்தவர், சில ஆண்டுகள் கழித்துத் தொழிலை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். எழுதிய மூலத்தையும் கொடுக்கவில்லை, கேட்டுப் போட்ட கடிதத்துக்குப் பதிலும் இல்லை. பிறகு பெட்டியும் படுத்தது. ஏழு ஆண்டு நிலுவைக் கணக்கு உள்ளே. நல்ல வேளையாக அந்தக் கணக்கு டிபேஸின் டி.பி.எஃப். என்ற வால் கொண்ட கோப்புகளாக இருந்தது. வேறொரு பையன் வந்து, அந்தப் புரோகிராமைத் தொடாமலேயே கோப்புகளை மட்டும் திறந்து, பெயர்வாரியாக அச்சடித்துக் கையில் கொடுத்தான். பத்திரப்படுத்த வேண்டியது கோப்பு என்பது அன்றே நமக்குத் தெளிவாயிற்று. பில் போடும் கருவியோ புரோகிராமோ விற்க யார் வந்தாலும், என் கணக்கை வேறொருவர் திறக்கும் வடிவத்தில் எடுத்துக் கொடுப்பீர்களா என்பதைத்தான் அன்றிலிருந்து முதலில் கேட்கிறோம். கொடுப்போம் என்பவரிடம், இப்போதே ஒரு நாள் கணக்கை எடுத்துக் காட்டுங்கள் என்கிறோம்.

டாஸ் காலத்துப் புரோகிராமை இன்னும் விடாமல் வைத்திருக்கும் மூத்த அன்பர்கள் நம்மிடையே சிலர் உண்டு. 64 பிட் விண்டோஸ் பெட்டி வாங்கினால் அதில் பழைய டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. முன்பு அட்டை செய்த வேலையை இப்போது ஒரு புரோகிராமே செய்துவிடுகிறது. டாஸ்பாக்ஸ் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. பழைய சில்லையும் பழைய டாஸையும் அது புதிய பெட்டிக்குள் நடித்துக் காட்டும். ஆனால் அது பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது. திரையில் கணக்கெல்லாம் அழகாக வரும், பில்லை பிரிண்டருக்கு அனுப்பினால் ஒன்றும் நடக்காது. அச்சடிக்க வழி செய்த வேறு வகைகளும் உள்ளன, ஆளைக் கூப்பிட்டுத்தான் பொருத்த வேண்டியிருக்கும். பொருத்த வருபவரிடம் பழைய கோப்புகளின் நகல் ஒன்றை மட்டும் கொடுத்து, அசலைப் பூட்டி வைத்துவிட்டு, நம் கடையின் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ஒரு முழு நாள் பில் அச்சாகி வந்த பிறகே பாக்கிப் பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.